உங்களுக்குத் தெரியுமா? வேலை தேடும் காகிதங்கள்

● 2018 ஜூலை. கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில், சிக்னல் அருகே சாலையோரத்தில், சட்டையும் டையுமாக ஓர் இளைஞர் நின்றார். கையில் ஓர் அட்டை. வீடில்லை, வெற்றிப் பசி மட்டும் இருக்கிறது, ரெஸ்யூமே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் படித்து, ஆஸ்டினில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்துவிட்டு, பெரிய கனவோடு பே ஏரியாவுக்கு வந்தவர் அவர். சேமிப்பு தீர்ந்தது. வேனில் தூங்கினார். வேனும் கைவிட்டுப் போனபின் பூங்காவில் படுத்தார். அந்த வழியே வந்த ஒருவர் அவரைப் படமெடுத்து ரெஸ்யூமேயோடு ட்விட்டரில் போட, சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான நிறுவனங்களிலிருந்து விசாரிப்புகள் குவிந்தன. பத்திரிகைகள் அந்த அட்டையைப் பற்றித்தான் எழுதின. கையில் அச்சடித்த பிரதிகள் தயாராக இருந்ததே முக்கியம் என்பது என் கருத்து. அட்டையை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தால் இரக்கம் கிடைத்திருக்கும். தனக்கு என்ன தெரியும் என்று சொல்லும் தாளும் இருந்ததால்தான் அழைப்பு வந்தது.

● ஸ்டீவ் ஜாப்ஸ் 1973-இல் கைப்பட நிரப்பிய ஒரு பக்க வேலை விண்ணப்பம் 2018-இல் 1,74,757 டாலருக்கு ஏலம் போனது. தொலைபேசி எண் கேட்ட இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். எழுத்துப் பிழைகளும் உண்டு. நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். தொலைபேசி எண் இல்லாத ரெஸ்யூமேயை வைத்துக்கொண்டு யாரை அழைப்பார்கள்?

● ஊரிலிருந்து பெட்டியில் வைத்து எடுத்துவரும் ரெஸ்யூமே பிரதிகள் அமெரிக்க ஃபைலில் அடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும். நம்முடையது ஏ4, அகலம் 210, உயரம் 297 மில்லிமீட்டர். இங்கே எல்லோரும் பயன்படுத்துவது லெட்டர் அளவு: 216 அகலம், 279 உயரம். கம்ப்யூட்டரில் ஏ4-க்கு அமைத்த பக்கத்தை இங்குள்ள பிரின்டரில் அப்படியே அடித்தால், ஒன்று எழுத்து சுருங்கும், இல்லையேல் கடைசி வரிகள் அறுந்துபோகும். அச்சிடுவதற்கு முன் பக்க அளவை மாற்றிவிட்டால் போதும், ஒரு நிமிட வேலை. விசிட்டிங் கார்டுக்கு இங்கே அளவு மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம்.

● தந்தை பெயர், பிறந்த தேதி, திருமணமானவரா, மதம், பாஸ்போர்ட் எண், மார்பளவுப் புகைப்படம், கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்று உறுதிமொழியும் கையொப்பமும். நம் ஊர் பயோடேட்டாவில் இவையெல்லாம் பழகிப்போனவை. அமெரிக்காவில் இவற்றில் ஒன்றுகூட வேண்டாம். காரணம் நாகரிகம் மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றின் பேரில் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 1967-இல் வந்த இன்னொரு சட்டம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பாதுகாப்பு. நியூஜெர்சி 1945-லேயே தனக்கென்று ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. புகைப்படமும் வயதும் போட்ட தாள் வந்தால், ஆளெடுப்பவர்தான் சங்கடப்படுகிறார்; நாளைக்கு அதை வைத்து வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சம். மிச்சமாகும் அந்த ஆறேழு வரிகளில் நீங்கள் செய்த வேலையைச் சொல்லலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் அப்படியே. பெற்றவருக்கு அது பெருமை, இங்கே படிப்பவருக்கு அது என்னவென்றே தெரியாது.

● சோஷியல் செக்யூரிட்டி எண்ணை ரெஸ்யூமேயில் அச்சிடவே கூடாது. வேலை உறுதியானபின் கொடுக்க வேண்டியது அது.

● ரெஸ்யூமேயின் தலையில் இருக்கும் பெயர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளந்து காட்டியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறுவனாக லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்குக் குடிபோனவர். பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதன். அவரும் மரியான் பெர்ட்ராண்டும் 2001–2002-இல் பாஸ்டன், சிகாகோ நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குக் கற்பனை ரெஸ்யூமேக்கள் ஏறக்குறைய 5,000 அனுப்பினார்கள். தகுதிகள் ஒத்தவை. சிலவற்றில் வெள்ளையர்களிடையே வழங்கும் பெயர், சிலவற்றில் கறுப்பின மக்களிடையே வழங்கும் பெயர். வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுக்குப் பத்து அனுப்பினால் ஓர் அழைப்பு. மற்றவற்றுக்கு ஓர் அழைப்பு வரப் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. இன்னொன்றும் அதில் தெரியவந்தது. ரெஸ்யூமேயின் தரத்தை உயர்த்தியபோது வெள்ளையர் பெயருக்கு அழைப்புகள் கூடின. மற்றவர்களுக்கு அந்த அளவு கூடவில்லை. 2004-இல் வெளியான அந்த ஆய்வைப் பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

கனடாவின் டொராண்டோவில் பின்னர் நடந்த இதே வகை ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே இந்திய, சீன, பாகிஸ்தானியப் பெயர்கள் பின்தங்கின. முகம் பார்க்காமல் தாளை மட்டும் பார்க்கும்போது நடப்பது இது. அதனால்தான், தாளை மேசைமேல் வைத்துவிட்டு வருவதைவிட ஒருவர் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசுவது நம்மைப் போன்றவர்களுக்குக் கூடுதல் அவசியம் என்கிறேன். பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லும் அறிவுரை எனக்கு உடன்பாடில்லை.

● ஆளெடுப்பவர் ஒரு ரெஸ்யூமேயின் மேல் முதல் பார்வைக்குச் செலவிடும் நேரம் சராசரி 7.4 நொடி என்று 'தி லேடர்ஸ்' நிறுவனம் 2018-இல் கண்ணசைவைப் பின்தொடர்ந்து கணக்கிட்டது. 2012-இல் அதே நிறுவனம் சொன்ன கணக்கு 6 நொடி. முதல் மூன்றில் ஒரு பங்கு பக்கத்தில் உங்கள் ஆகச் சிறந்த வேலை இல்லையென்றால், அடியில் இருந்து பயனில்லை.

● சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஒரு கிளார்க் வேலை காலி என்று கேள்விப்பட்டு, 1912 பிப்ரவரியில் திருவல்லிக்கேணியிலிருந்து ஓர் இளைஞர் விண்ணப்பம் எழுதினார். கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது என்பதை மறைக்கவில்லை. கணிதத்திலேயே காலத்தைச் செலவிட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த பரிந்துரைக் கடிதமும் உடன் சென்றது. மார்ச் 1-ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். அவர் சீனிவாச ராமானுஜன்.

அதற்கு முன்னும் அவர் வேலை தேடி அலைந்தவர்தான். போன இடமெல்லாம் கையில் இருந்தவை அவருடைய நோட்டுப் புத்தகங்கள். 1910-இல் திருக்கோயிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர். அவரிடம் ஒரு கிளார்க் வேலை கேட்டுப் போய் நோட்டைக் காட்டினார். நோட்டைப் பார்த்த ஐயர், இந்த அறிவை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார்த்தி வைக்க மனம் வராமல், சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் உதவ முன்வந்தார். 1911-இல் கணிதக் கழகத்தின் இதழில் முதல் கட்டுரை அச்சானது. 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தன் வேலை, சம்பளம், வயது ஆகியவற்றுக்குச் சில வரிகள்தான் ஒதுக்கினார். பின்னால் பக்கம் பக்கமாக இருந்தவை சுமார் 120 தேற்றங்கள்.

பட்டம் இல்லாதவர், பணம் இல்லாதவர். செய்த வேலையைக் கண்ணெதிரே வைத்தார். 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். ரெஸ்யூமே எழுதுவது எப்படி என்று யாராவது கேட்டால், ஹார்டிக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் அமைப்பைப் பாருங்கள் என்பேன். தன்னைப் பற்றிக் கொஞ்சம், வேலையைப் பற்றி நிறைய.

● லியனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் மிலானில் இருக்கிறது. பாலம் கட்டுவேன், முற்றுகைக் கருவி செய்வேன், பீரங்கி வார்ப்பேன் என்று எண் போட்டுப் பத்து அம்சங்கள். ஓவியம் தீட்டுவேன் என்பது ஏறக்குறைய கடைசியில்தான் வருகிறது. போர்க்காலத்து ஆட்சியாளருக்கு எது வேண்டுமோ அதை முன்னே வைத்தார். வேலைக்கு வேலை ரெஸ்யூமேயைத் திருத்துவது அவ்வளவு பழைய கலை.

● நம் ஊர் ஜெராக்ஸ் தாள் 75 ஜி.எஸ்.எம். என்றால், அமெரிக்கக் கடையில் அதற்குப் பெயர் 20 பவுண்டு தாள். ரெஸ்யூமே தாள் என்று தனியாக விற்பது 24 அல்லது 32 பவுண்டு. அதாவது 90 அல்லது 120 ஜி.எஸ்.எம். பருத்தி இழை கலந்த வகையும் உண்டு. கையில் பிடிக்கும்போது வேறுபாடு தெரியும். ஆனால் வெள்ளை அல்லது மங்கிய தந்த நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பளபளப்புத் தாளும் லேமினேஷனும் கூடவே கூடாது. ஆளெடுப்பவர் உங்களோடு பேசிக்கொண்டே அந்தத் தாளின் ஓரத்தில் பேனாவால் குறிப்பு எழுதுவார்; மை ஒட்டாத தாளைக் கொடுத்தால் உங்களைப் பற்றி எழுதவந்த நல்ல வார்த்தை எழுதப்படாமலே போய்விடும். ஓரத்தில் இடமும் விடுங்கள்.

● கனமான பொருளில் வைத்துக் கொடுத்த ரெஸ்யூமேக்கு மதிப்பு கூடுமா? 2010-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு கூடும் என்றது. ஒரே ரெஸ்யூமேயைச் சிலருக்கு 340 கிராம் எடையுள்ள கிளிப் போர்டிலும், சிலருக்கு 2 கிலோவுக்கு மேல் எடையுள்ள போர்டிலும் வைத்துக் கொடுத்தார்கள். கனமான போர்டை ஏந்தியவர்கள் அந்த விண்ணப்பதாரரை உயர்வாக மதிப்பிட்டார்கள். பங்கேற்றவர்கள் 54 பேர்தான். எடைக்கும் மதிப்புக்கும் உள்ள தொடர்பைப் பின்னர் சோதித்த வேறு சில ஆய்வாளர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. தடித்த தாளுக்கு நான்கு டாலர் கூடுதலாகக் கொடுக்கலாம். அதை நம்பி இருக்க வேண்டாம்.

● நேர்முகத் தேர்வுக்குச் சான்றிதழ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகும் பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் விடவில்லை. அமெரிக்க நேர்முகத்தில் அசல் சான்றிதழை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சரிபார்ப்பது வேலை முடிவானபிறகு, அதற்கென்றுள்ள நிறுவனம் வழியாக. அந்த ஃபைலில் வைக்க வேண்டியவை வேறு. ஒரே நாளில் நான்கைந்து பேர் மாறி மாறிப் பேசுவார்கள் என்பதால் ரெஸ்யூமே பிரதிகள் ஆறு. செய்த வேலைகளில் இரண்டைப் பற்றித் தனித்தனி ஒரு பக்கக் குறிப்பு: என்ன சிக்கல் இருந்தது, நான் செய்தது என்ன, முடிவில் எது எவ்வளவு மாறியது. மேலாளர் அல்லது விற்பனைப் பதவி என்றால், சேர்ந்த முதல் 90 நாளில் என்ன செய்வேன் என்று ஒரு தாள். இது இங்கே நன்றாக அறிந்த வழக்கம்.

ஓர் எச்சரிக்கை. பழைய கிளையண்டின் திரைப் படங்களையோ உள் எண்களையோ அந்தக் குறிப்பில் அச்சிடாதீர்கள். கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தத்தை மீறுவது மட்டுமல்ல. எதிரே இருப்பவர் "நாளை நம் ரகசியத்தையும் இப்படித்தான் காட்டுவார்" என்று நினைப்பார். அது சரியான நினைப்பும்தான்.

● 2016-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் லிதுவேனியா நாட்டு இளைஞர் ஒருவர், உணவு டெலிவரி ஆள்போல டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, டோனட் பெட்டிகளை நிறுவன வாசல்களில் கொடுத்தார். மூடியைத் திறந்தால் உள்பக்கம் ரெஸ்யூமே. ஏறக்குறைய நாற்பது பெட்டி. பத்து நேர்முகம் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன. மார்க்கெட்டிங் வேலை தேடியவருக்கு அந்தப் பெட்டியே வேலையின் மாதிரி. டேட்டாபேஸ் நிர்வாகி வேலைக்கு அதே டோனட் எதை நிரூபிக்கும்? தேடும் வேலைக்குச் சம்பந்தமில்லாத வேடிக்கை ஆளை நினைவில் நிறுத்தும், வேலையை வாங்கித் தராது.

● அரசு வேலைக்கு டோனட் பெட்டியும் கூடாது. அமெரிக்க மத்திய அரசு ஊழியர் ஒருவர் ஒரு தடவையில் 20 டாலருக்கு மேலும், ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50 டாலருக்கு மேலும் அன்பளிப்பு வாங்க முடியாது. முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவருக்கு இனிப்பு அனுப்புவது அவருக்கும் இடைஞ்சல், உங்களுக்கும்.

● தபாலில் பொட்டலம் அனுப்பி அசத்தலாம் என்பவர்களுக்கு நியூஜெர்சியிலிருந்து ஒரு வரலாறு. 2001 செப்டம்பர், அக்டோபரில் ட்ரெண்டன் முத்திரையோடு போன ஆந்த்ராக்ஸ் கடிதங்களால் ஐந்து பேர் இறந்தார்கள். பிரின்ஸ்டனின் நாசாவ் தெருவில் இருந்த ஒரு தபால் பெட்டியில் அந்தக் கிருமி பின்னர் கண்டுபிடிக்கப்பட்டது. கடிதங்கள் கடந்துபோன ஹாமில்டன் தபால் நிலையம் 2005 வரை மூடிக் கிடந்தது. தெரியாத இடத்திலிருந்து வரும் பொட்டலத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் அன்றோடு அலுவலகத் தபால் அறைகளில் வேரூன்றியது. மினுமினுப்புத் தூள், மணல், மசாலா எதையும் உறைக்குள் போடாதீர்கள்.

● நிறுவனங்களும் அச்சு விளம்பரத்தால் ஆள் தேடியிருக்கின்றன. 2004-இல் சிலிக்கன் பள்ளத்தாக்கின் 101 நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு விளம்பரப் பலகை. நிறுவனத்தின் பெயர் இல்லை. கணித மாறிலி e-யின் இலக்கங்களில் முதலில் வரும் பத்து இலக்கப் பகா எண்தான் இணைய முகவரி என்று மட்டும் இருந்தது. விடை 7427466391. கண்டுபிடித்துப் போனால் அடுத்த புதிர். அதையும் அவிழ்த்தால் கூகுள் ரெஸ்யூமே கேட்டது.

● வேலை வழியாகப் பெறும் கிரீன் கார்டுக்குப் பெரும்பாலும் முதல் படியான பெர்ம் முறையில் காகிதம் இன்னும் சட்டப்படி உயிரோடு இருக்கிறது. பட்டதாரிகளுக்கான பதவி என்றால், பொதுவாக அந்த வட்டார நாளிதழில் இரண்டு வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் விளம்பரம் வந்தாக வேண்டும். வேலையிடத்தில் பத்து வேலை நாட்கள் அறிவிப்பு தொங்க வேண்டும். மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் 30 நாள் பதிவும் இருக்க வேண்டும். அமெரிக்கர் யாருக்காவது அந்த வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உண்டா என்று சோதிப்பதற்கான ஏற்பாடு இது. உங்கள் நாற்காலிக்கான விளம்பரம் ஒரு ஞாயிறு பேப்பரில் வந்திருக்கும். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இதே காகிதம் சுவராகவும் மாறியது. இத்தகைய பதவிகளுக்கு விண்ணப்பிப்போர் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று ஃபேஸ்புக் வைத்திருந்ததாக அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. மற்ற வேலைகளுக்கு இணையம், இவற்றுக்கு மட்டும் உறையும் தபால்தலையும். இப்படிச் செய்தால் விண்ணப்பங்கள் குறையும் என்பது குற்றச்சாட்டு. 2021 அக்டோபரில் 1.425 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டு சமரசமானது. 2023 நவம்பரில் ஆப்பிள் நிறுவனமும் ஏறக்குறைய இதே காரணத்துக்காக 2.5 கோடி டாலர் வரை தரச் சம்மதித்தது. பே ஏரியாவின் இரண்டு பெரும் நிறுவனங்கள். நம்மவர்கள் பலருடைய கிரீன் கார்டு கோப்புகள் இதனால் தாமதப்பட்டன என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் கதவைத் திறந்து வைப்பதாகச் சொல்லிவிட்டு வழியை மறைப்பது, வேலை தேடும் எவருக்கும் செய்யக்கூடாத அநீதி. வெளியே நிற்கும் பக்கம் நாமாகவும் இருந்திருக்கலாம்.

● எச்1பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால் 60 நாள் வரை நாட்டில் தங்கி வேறு வேலை தேடலாம். 2017 ஜனவரி 17 முதல் இந்த அவகாசம். தங்குவதற்கான அனுமதிக் காலம் அதற்குள் முடிந்தால் அதுவரை மட்டுமே. வேலை கிடைத்தால் போதாது. அந்த நாட்களுக்குள் புதிய நிறுவனம் உங்களுக்கான மனுவையும் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஆகவே அச்சு வேலைகளை வேலை போனபின் தொடங்காதீர்கள். ரெஸ்யூமே, வேலைக் குறிப்புத் தாள், கார்டு மூன்றும் வேலையில் இருக்கும்போதே தயாராக இருக்கட்டும்.

● "பெஞ்ச்சில் இருக்கிறேன், கன்சல்டன்சி என் ப்ரொஃபைலை மார்க்கெட் செய்கிறது, பிராஜக்ட் வந்ததும் சம்பளம்." நியூஜெர்சியிலும் டல்லாஸிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு. வேலை இல்லாத நாட்களுக்கும் எச்1பி ஊழியருக்கு நிறுவனம் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். உங்கள் ரெஸ்யூமேயில் செய்யாத பிராஜக்டைச் சேர்த்து அனுப்பும் கன்சல்டன்சி உங்களுக்கு நண்பன் அல்ல. பொய் அனுபவம் அச்சான தாளில் இருப்பது உங்கள் பெயர். பின்னாளில் விசா அதிகாரி முன் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். உங்கள் பெயரில் எந்த ரெஸ்யூமே வெளியே போகிறது என்று பிரதி கேட்டு வாங்கிப் படியுங்கள்.

● பழைய சம்பளத்தை ரெஸ்யூமேயில் அச்சிடுவது நம் ஊர்ப் பழக்கம். கலிஃபோர்னியாவில் 2018 முதலும் நியூஜெர்சியில் 2020 முதலும் அதை நிறுவனம் கேட்பதே சட்டப்படி தவறு. டெக்சஸில் அப்படி மாநிலச் சட்டம் இல்லை. சட்டம் காப்பாற்றும் இடத்தில் நீங்களாகவே எழுதிக் கொடுத்துக் குறைந்த சம்பளத்துக்கு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

● வேலையில் இல்லாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று விளம்பரம் போடுவதை முதலில் தடைசெய்த மாநிலம் நியூஜெர்சி, ஆண்டு 2011. குழந்தை வளர்க்க நான்கைந்து வருடம் வீட்டில் இருந்த தாய்மார்கள் கவனிக்க. இடைவெளியை மறைக்கப் பாடுபட வேண்டாம். அந்த ஆண்டுகளில் படித்தது, தமிழ்ப் பள்ளியில் செய்த நிர்வாக வேலை எல்லாம் ஆண்டோடு ஒரு வரியாக வரட்டும்.

● டெக்சஸில் சொந்தமாகக் கார்டு அடிப்பவர்கள் 'எஞ்சினியர்' என்ற சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். மாநில உரிமம் பெறாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டு பொதுமக்களுக்குப் பொறியியல் சேவை தருவதாகச் சொல்ல முடியாது. நிறுவனத்தில் ஊழியராக இருப்பவர் கார்டில் போட்டுக்கொள்ள விதிவிலக்கு உண்டு. வேலை தேடும் காலத்துக் கார்டில் 'சாஃப்ட்வேர் டெவலப்பர்' என்றோ உங்கள் துறையின் பெயரையோ போடுவது பாதுகாப்பு. பெயர், துறை, தொலைபேசி, மின்னஞ்சல், லிங்க்ட்இன் பக்கத்துக்குப் போகும் க்யூ.ஆர். கட்டம். பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். வாங்கியவர் உங்களை எங்கே சந்தித்தார் என்று எழுதிக்கொள்ள.

● எச்1பி ஊழியரின் துணையாக எச்4 விசாவில் இருப்பவர்கள் ட்யூஷன், பரதநாட்டியம், சமையல் ஆர்டர் என்று நோட்டீஸ் அடிக்கும் முன் வேலை அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணவர் அல்லது மனைவியின் கிரீன் கார்டு வழக்கு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் 2015 மே முதல் அனுமதி கேட்கலாம். அனுமதி இல்லாமல் காசு வாங்கினால், நீங்கள் அடித்த நோட்டீஸே சாட்சி.

● அந்த நோட்டீஸை வீடு வீடாகத் தபால் பெட்டியில் போடுவதும் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். தபால்தலை ஒட்டாத எதையும் அமெரிக்கத் தபால் பெட்டிக்குள் போடக் கூடாது. இந்திய மளிகைக் கடையின் அறிவிப்புப் பலகை, கடைக்காரரின் அனுமதியோடு, நல்ல இடம்.

● நேர்முகம் முடிந்த அன்றே மின்னஞ்சலில் நன்றி சொல்வது இங்கே மரபு. கைப்பட எழுதிய சிறு நன்றி அட்டையும் மறுநாள் தபாலில் போனால் அது மேசைமேல் சில நாள் நிற்கும். பேசியதில் ஒரு குறிப்பிட்ட விஷயத்தை அதில் சொல்லுங்கள். கடையில் அச்சான வாசகத்துக்குக் கீழே கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினால் வீண்.

● எவ்வளவு அழகாக அச்சடித்தாலும் பெரிய நிறுவனங்களில் முதல் வாசகர் கம்ப்யூட்டர்தான். அதற்கு அனுப்பும் பிரதியில் அட்டவணை, படம், இரண்டு பத்தி அமைப்பு எதுவும் வேண்டாம். சாதாரண எழுத்தில் வரிசையாக இருந்தால் குழம்பாது. மனிதர் கையில் கொடுக்கும் தாள் வேறு, இது வேறு. இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். தேதிகளும் பதவிப் பெயர்களும் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

● வீட்டில் பிரின்டர் இல்லாதவர்களுக்கு ஊர்ப் பொது நூலகம் இருக்கிறது. பக்கத்துக்குச் சில சென்ட்தான். ரெஸ்யூமேயைத் திருத்தித் தருவதற்கும் பல நூலகங்களில் ஆள் உண்டு, இலவசமாக.

● வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழா 2015-இல் சான் ஹோசேயிலும், 2016-இல் ட்ரெண்டனிலும், 2018-இல் டல்லாஸ் பகுதியிலும், 2024-இல் சான் அன்டோனியோவிலும் நடந்தது. நாட்டின் பல மூலைகளில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஒரே கூரையின் கீழ் கூடும் இடம் அதைப்போல வேறில்லை. பொங்கல் விழாவும் தமிழ்ப் பள்ளி வாசலும் அதன் சிறிய வடிவங்கள். அங்கே ஓர் இளைஞரோ, இரண்டு குழந்தைகளின் தாயோ தயங்கித் தயங்கி ஒரு தாளை உங்களிடம் நீட்டினால் "மெயிலில் அனுப்புங்களேன்" என்று சொல்லி நகராதீர்கள். வாங்குங்கள். நின்று படியுங்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். பொருத்தமாகத் தெரிந்தால் அதே வாரம் உங்கள் நிறுவனத்தில் ரெஃபரல் போடுங்கள். பொருந்தாவிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவருடைய 60 நாளில் எத்தனை மிச்சம் என்று உங்களுக்குத் தெரியாது.